பாசிக்குள் ஒரு பங்காளி: குள்ளக் குழல்குதிரை என்னும் சிறு மீன்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தெற்கே, பாட்டனி விரிகுடாவின் வாயில் கர்னெல் என்றொரு கரை இருக்கிறது. 1770-இல் ஜேம்ஸ் குக் தம் ஆட்களோடு வந்து இறங்கியது அங்கேதான். கப்பலில் உடன் வந்த ஜோசப் பேங்க்ஸ் முதலியோர் அங்கே திரட்டிய புதிய செடிகொடிகளின் மிகுதியால்தான் அந்த விரிகுடாவுக்குத் தாவரவியலின் பெயரே வைக்கப்பட்டது. அப்படித் தாவரங்களுக்காகப் பெயர்பெற்ற கரையை ஒட்டிய நீருக்குள், தன்னைக் கடற்பாசியாகக் காட்டிக்கொண்டு வாழும் ஒரு மீன், 2004-ஆம் ஆண்டு வரை அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. பல லட்சம் மக்கள் வாழும் நகரின் வாசலில், முக்குளிப்போர் வாரந்தோறும் இறங்கும் இடத்தில், சுண்டுவிரல் நீளமே உள்ள அந்த மீன் யார் கண்ணுக்கும் மீனாகத் தெரியவில்லை. இடியோட்ரோபிஸ்கிஸ் லும்னிட்செரி என்பது பின்னர் அதற்கு வைக்கப்பட்ட பெயர்.

ஆங்கிலத்தில் இத்தகைய மீன்களைப் ‘பிக்மி பைப்ஹார்ஸ்’ என்பார்கள். நம் கரையில் பழகிய மீன் இல்லை என்பதால் தமிழில் இதற்கு வழக்குப் பெயர் கிடையாது. கடற்குதிரை நமக்குத் தெரிந்த பெயர். நீண்ட குழல் போன்ற வாயும் ஊசி போன்ற உடலும் கொண்ட அதன் உறவு மீனைக் குழல்மீன் என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இதைக் குள்ளக் குழல்குதிரை என்று இக்கட்டுரை அளவில் அழைத்துக்கொள்வோம். குதிரையும் அல்லாத, குழலும் அல்லாத ஒன்றுக்கு இந்த ஒட்டுப்பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

முதலில் இது எந்தக் குடும்பம் என்று பார்ப்போம். கடற்குதிரைகள், குழல்மீன்கள், ஆஸ்திரேலியாவின் கடல் டிராகன்கள், நமது குள்ளக் குழல்குதிரைகள் அனைத்தும் சின்னாதிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘ஒட்டிய தாடை’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் எவற்றுக்கும் பல் கிடையாது; இரைப்பை கிடையாது; மற்ற மீன்களைப் போலச் செதிலும் கிடையாது. செதிலுக்குப் பதிலாக, தோலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் வளையம் வளையமாகக் கோத்து நிற்கின்றன. காய்ந்த கடற்குதிரையை விரலால் தடவிப் பார்த்தவர்கள் அந்த வளையங்களின் விளிம்பை உணர்ந்திருப்பார்கள். உடலை வளைத்து நெளித்து நீந்துவதற்கு இந்தக் கவசம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே, இக்குடும்பத்தில் பெரும்பாலானவை முதுகுத் துடுப்பைப் படபடவென்று அடித்தே நகர்கின்றன. வேகம் இவற்றின் தொழில் அல்ல.

இக்குடும்பத்துக்குள் குழல்மீனையும் கடற்குதிரையையும் பிரித்துக் காட்டுவது தோற்றத்தில் மூன்று செய்திகள். குழல்மீன் படுக்கைவாட்டில் நீந்தும். கடற்குதிரை நிமிர்ந்து நிற்கும். குழல்மீனின் தலை உடலோடு ஒரே கோட்டில் இருக்கும். கடற்குதிரையின் தலை, கழுத்திலிருந்து ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்கும். பெரும்பாலான குழல்மீன்களுக்கு வால் நுனியில் சிறு துடுப்பு உண்டு. கடற்குதிரைக்கு அது இல்லை, வாலே சுருண்டு பற்றும் கை போலாகிவிட்டது. குள்ளக் குழல்குதிரை இதில் எந்தப் பக்கம் என்றால், வாலில் அது கடற்குதிரையோடு சேரும். உடலின் கிடையில் குழல்மீனோடு சேரும். தலையிலோ இரண்டு பக்கமும் சேராமல் சற்றே குனிந்தபடி இருக்கும். கடற்குதிரையைத் தலையிலும் வாலிலும் பிடித்து மெதுவாக இழுத்து நிமிர்த்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

இவ்வகையில் இதுவரை அறியப்பட்டவை பத்துப் பன்னிரண்டு இனங்களே. பெரும்பாலானவை 6 சென்டிமீட்டரைத் தாண்டாதவை. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் கண்டறியப்பட்டு 2007-இல் விவரிக்கப்பட்ட கியோனெமிக்திஸ் ருமெங்கானி 3 சென்டிமீட்டருக்கும் குறைவானது. தடிமனில் பார்த்தால் தையல் நூலில் சிக்கிய தூசி போலத் தோன்றும். அதை முதலில் கவனித்த முக்குளிப்பு வழிகாட்டியின் குடும்பப் பெயரே அதன் பெயராக நிலைத்துவிட்டது. ஆய்வகத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணைவிட நாள்தோறும் அதே பாறையைப் பார்ப்பவரின் கண்ணே இத்தகைய மீன்களுக்குத் தேவைப்படுகிறது என்பதால், அந்தப் பெயர்சூட்டல் நியாயமானதே.

இனி இதன் உருமறைப்பு. இதை ‘நிறத்தால் மறைவது’ என்று சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால், நிறம் அதில் ஒரு பகுதிதான். சிட்னி இனம் பாறைகளில் வளரும் சிவப்புப் பாசிகளுக்கு நடுவே வாழ்கிறது. அதன் உடலும் சிவப்பு, இளஞ்சிவப்பு, பழுப்பு ஆகிய சாயல்களில் இருக்கும். இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். கடல்நீர் முதலில் விழுங்கும் ஒளி சிவப்புதான். பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி பெரும்பாலும் மறைந்துவிட, சிவப்புப் பொருள்கள் எல்லாம் மங்கிய பழுப்பாக, கருஞ்சாம்பலாகத் தெரியும். சிவப்பே தெரியாத இடத்தில் சிவப்பு வேடம் எதற்கு?

விடை பாசியிடம் இருக்கிறது. ஆழத்துக்கு எஞ்சி வந்து சேரும் நீலப்பச்சை ஒளியை உறிஞ்சி உணவாக்கிக்கொள்ளும் நிறமி சிவப்புப் பாசிகளுக்கு உண்டு. அந்த நிறமிதான் மேலே கொண்டுவந்து வெயிலில் பார்க்கும்போது நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கீழே, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், பாசிப் புதர் இருண்ட திட்டாகத் தெரியும். அந்த இருண்ட திட்டுக்குள் பச்சையோ நீலமோ கொண்ட மீன் ஒன்று நின்றால் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பாசியைப் போலவே ஒளியை விழுங்கும் சிவப்பு மீன் நின்றால் பாசியோடு பாசியாக இருண்டுபோகும். ஆகவே, அந்த ஆழத்தில் சிவப்பு என்பது ஒரு நிறம் என்பதைவிட ஒரு நிழல் என்றே கொள்ள வேண்டும். முக்குளிப்பவர் விளக்கை அடித்த அந்தக் கணத்தில் மட்டும் மீனும் பாசியும் ஒன்றாகச் சிவக்கின்றன. புகைப்படங்களில் நாம் காணும் அழகிய செந்நிறம் விளக்கு கொண்டுபோன நிறம்; அங்கே வாழும் மற்ற மீன்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாவது பகுதி உருவக்கோடு. கண்ணோ, மூளையோ ஒரு விலங்கை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் விளிம்பைக் கொண்டுதான். வழவழப்பான, தொடர்ச்சியான வரம்பு இருந்தால் அது ஓர் உடல் என்று தெரிந்துவிடுகிறது. குள்ளக் குழல்குதிரையின் உடலில் தலை, முதுகு, வயிறு என்று பல இடங்களிலும் தோல் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சில இழைகள் தனியாகவும், சில கிளைத்தும், பாசியின் சிறு நுனிகளைப் போல இருக்கும். உடல் முடிகிற இடம் எது, பாசி தொடங்குகிற இடம் எது என்று கண்ணால் கோடு இழுக்க முடியாமல் போவது இவற்றால்தான். பவளப்பாறைச் சிறு மீன்கள் பலவற்றில் காணும் வரிகளும் புள்ளிகளும் இதே வேலையைச் செய்ய முயல்பவை; ஆனால், அவை உடலின் மேல் வரைந்த கோலம் மட்டுமே. இந்த மீன் தன் விளிம்பையே பிய்த்துக் கலைத்துக்கொண்டுவிடுகிறது.

மூன்றாவது அசைவு. என் கணிப்பில் மூன்றிலும் நுட்பமானது இதுவே. பாறைக் கரையில் அலை வந்து மீளும்போது, கீழே உள்ள நீர் முழுவதும் முன்னும் பின்னும் ஊசலாடும். பாசிகள் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழும். அந்த இடத்தில் அசையாமல் இருப்பதுதான் ஆபத்து. சுற்றிலும் ஆடும்போது ஆடாமல் நிற்பது, அமைதியான அவையில் எழுந்து ஓடுவதைப் போலவே கண்ணை இழுக்கும். குழல்குதிரை தன் வாலைப் பாசியின் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மீதி உடலை நீரின் போக்குக்கே விட்டுவிடுகிறது. அது பாசியைப் பார்த்து நடிக்க வேண்டியதில்லை. பாசியை ஆட்டும் அதே நீர் அதையும் ஆட்டிவிடுகிறது. அதன் முதுகுத் துடுப்போ கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவது. அது படபடக்கும்போதுகூட எதுவும் தெரிவதில்லை.

இவ்வளவு ஒளிந்து என்ன பயன் என்றால், ஒளிவது தப்பிக்க மட்டும் அல்ல, தின்னவும்தான். இரைப்பை இல்லாத மீன் உணவைச் சேமித்துவைக்க முடியாது. பகல் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதன் இரை இறால் வகைச் சிறு உயிர்கள், குறிப்பாகக் கோபிபாடுகள் போன்ற, நீரின் போக்கில் மிதந்து திரியும் மிதவை உயிர்கள். நீரில் சிறு அதிர்வு எழுந்தாலும் துள்ளி விலகிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. மெதுவாக நீந்தும் மீன் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. அவையே அருகில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின், கழுத்துத் தசைநாண்களில் வில்லைப் போல இழுத்துவைத்திருந்த விசையை விடுவித்துத் தலையை மேல்நோக்கிச் சுண்டும். குழல்வாய் இரையை எட்டிய கணத்தில் நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். குள்ளக் கடற்குதிரை ஒன்றை வைத்து 2013-இல் செய்யப்பட்ட ஆய்வில், இந்தத் தாக்குதல் ஆயிரத்தில் ஒரு நொடி அளவிலேயே முடிந்தது. அசைவற்ற நீரில் 10 முயற்சிகளில் 9 பலித்தன. உலகின் மிக மெதுவான மீன் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றதும் அதே இனம்தான் என்பது வேடிக்கை.

இனப்பெருக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் கடற்குதிரைக் கதை பலருக்கும் தெரிந்ததே. இக்குடும்பம் முழுவதிலும் கருச் சுமப்பது ஆண். குழல்மீன்களில் சில, முட்டைகளை வயிற்றின் அடியில் வெறுமனே ஒட்டிக்கொண்டு திரியும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல்லோடு வலையில் வரும் முதலைக் குழல்மீன் அப்படிப்பட்டது. கடற்குதிரை ஆணுக்கோ வாலின் அடியில் மூடிய பை உண்டு. குள்ளக் குழல்குதிரை ஆணுக்கும் வாலடியில் பை இருக்கிறது. இதனால் ஒரு வேடிக்கையான விளைவு: அசென்ட்ரோநூரா என்ற பேரினத்தில் ஆண் பை புடைத்துக் கடற்குதிரையைப் போலவும், பெண் ஒல்லியாகக் குழல்மீனைப் போலவும் இருக்கும். இணையை அருகருகே பார்க்காதவர் அவற்றை இரண்டு இனங்கள் என்றே எண்ணக்கூடும். பேய்க் குழல்மீன் என்று அழைக்கப்படும் இன்னொரு மறைந்து வாழும் மீனை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது தனிக் குடும்பம், அங்கே முட்டையைச் சுமப்பது பெண்; அதுவும் கைகோத்தாற்போல இணைந்த வயிற்றுத் துடுப்புகளுக்குள்.

இப்போது கட்டுரையின் மையக் கேள்விக்கு வருகிறோம். கடற்குதிரைக்கும் குழல்மீனுக்கும் நடுவில் நிற்பதாகச் சொன்னோமே, அப்படியென்றால் கடற்குதிரையின் மூதாதை இதுதானா? இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இது கடற்குதிரைக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. ஒரு பாட்டனுக்குப் பிறந்த இரு கிளைகளில் ஒன்று ஊர் பெயர்ந்து, உடை மாற்றி, பேச்சும் மாறிவிட்டது; மற்றொன்று பூர்விக வீட்டிலேயே தங்கிவிட்டது. தங்கிவிட்டவரின் வீட்டைப் பார்த்தால் பாட்டன் எப்படி வாழ்ந்திருப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம், அதற்காக அவரையே பாட்டன் என்று அழைக்க முடியாது. குள்ளக் குழல்குதிரைகள் அறிவியலுக்கு முக்கியமாவது இந்த அளவில்தான்.

2009-இல் பீட்டர் டெஸ்கே, லூசியானோ பெஹெரெகராய் என்ற இருவர் மரபணு ஒப்பீட்டின் மூலம் இடியோட்ரோபிஸ்கிஸ் மீன்களே கடற்குதிரைகளுக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டினார்கள். இரு கிளைகளும் பிரிந்த காலம் சுமார் 2.5 கோடி முதல் 2.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒலிகோசீன் காலத்தின் பிற்பகுதி என்று கணித்தார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு வடக்கே நகர்ந்து மோதியதால், ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே ஆழமற்ற கடல்கள் விரிந்தன. கடற்புல் பரப்புகள் பெருகின. கடற்புல் செங்குத்தாக நிற்பது. அதன் நடுவே படுக்கையாக நீந்தும் மீன் குறுக்கே விழுந்த கோடு போலத் தெரியும். நிமிர்ந்து நிற்கும் மீனோ இன்னொரு புல்லாகிவிடும். நிமிர்ந்த உடல் அங்கே பிழைத்தது என்பது அவர்களது விளக்கம். பாறைகளில் தாறுமாறாகக் கிளைத்து வளரும் பாசிக்குள்ளேயே தங்கிவிட்ட பங்காளிக்கு நிமிர வேண்டிய தேவை எழவில்லை. இடத்துக்கேற்ற வேடம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

நிமிர்ந்தது சரி, தலை ஏன் மடிந்தது? 2011-இல் பெல்ஜிய ஆய்வாளர் சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் இதற்கு வேறொரு காரணம் கூறினார்கள். தலை மடிந்து கழுத்து வளைந்திருந்தால், அதே சுண்டலில் வாய் சற்றுத் தொலைவு கூடுதலாக முன்னே எட்டும். குழல்மீன் இரையை நோக்கி நீந்திச் செல்லக்கூடியது, அதற்கு இது பெரிய ஆதாயம் இல்லை. வாலால் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும் மீனுக்கோ, ஒரு மில்லிமீட்டர் கூடுதல் எட்டும் ஒரு வாய்ச் சோறு. குள்ளக் குழல்குதிரையின் இலேசாகக் குனிந்த தலையை இந்த விளக்கத்தோடு வைத்துப் பார்த்தால், வாலால் பற்றத் தொடங்கிய மீனிடம் தலை குனியவும் தொடங்குவதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. இது என் வாசிப்பு. அந்த ஆய்வு ஒப்பிட்டது கடற்குதிரையையும் குழல்மீனையும்தான்.

நடுநிலை மீன்கள் பழங்காலத்திலும் இருந்தன என்பதற்குக் கல்லான சான்றும் உண்டு. ஸ்லோவேனியா நாட்டின் துன்யிட்சே குன்றுகளில், ஒரு காலத்தில் கடலாக இருந்த படிவங்களிலிருந்து, சுமார் 1.3 கோடி ஆண்டுப் பழைமையான கடற்குதிரைப் புதைபடிவங்கள் கிடைத்தன. அதே இடத்தில் குள்ளக் குழல்குதிரையை ஒத்த மீனின் படிவமும் கிடைத்தது. இரு பங்காளிகளும் அன்றே ஒரே கடலில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

புதிய இனங்கள் இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. நியூசிலாந்தின் வடக்குக் கரையில், பாறைப் பாசிகளுக்கிடையே வாழும் ஒரு குழல்குதிரை 2021-இல் விவரிக்கப்பட்டது. 6 சென்டிமீட்டர் வரை வளரும் அதன் உச்சந்தலையில் கிண்ணம் போன்ற எலும்பு முகடு உண்டு என்பதால், மதுக்கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லால் சைலிக்ஸ் என்ற புதிய பேரினமே உருவாக்கப்பட்டது. இனப்பெயரான துபாரியோமனாயா என்பதை அக்கரையின் மாவோரி மக்களான ங்காத்திவாய் குலத்தார் வழங்கினார்கள். ‘மனாயாவின் மாலை’ என்பது அதன் பொருள், மனாயா என்றால் அவர்கள் மொழியில் கடற்குதிரை. இந்தப் பேரினம் நியூசிலாந்துக்கே உரியது என்று எண்ணியிருந்த நிலையில், தென்னாப்பிரிக்காவின் சோத்வானா விரிகுடாவில் இரண்டாவது இனம் கிடைத்தது. அதன் தலை முகடு கிரீடம் போல இருப்பதால், சூலு மொழியில் தலைவனைக் குறிக்கும் ங்கோசி என்ற சொல்லைப் பெயராக வைத்தார்கள். நடுவில் ஆஸ்திரேலியாவும் இந்தியப் பெருங்கடலும் கிடக்க, நகரவே சோம்பும் ஒரு மீன் இரு முனைகளிலும் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, இடையில் இன்னும் யாரும் கவனிக்காத உறவினர்கள் ஒளிந்திருக்கலாம் என்பதே எளிய ஊகம்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடற்குதிரை சேர்க்கப்பட்டபோது, கடற்குதிரை மட்டுமன்றி சின்னாதிடே குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டது. இராமநாதபுரம் கரையில் இறால் வலையில் சிக்கி, காயவைத்து, மருந்துக்கென்று ஏற்றுமதியான கடற்குதிரைகளை எண்ணியே அந்த முடிவு பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால், அன்று சேர்த்த சொற்படி, குழல்மீனும் அதன் சிறிய உறவுகளும் அதே காப்பின் கீழ்தான் வந்தன.

இம்மீனைத் தேடிக் கண்டவர்களின் அனுபவத்திலிருந்து, பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லலாம். மீனைத் தேடினால் கிடைக்காது என்பார்கள். ஒரு பாசிப் புதரின் முன் அசையாமல் இருந்து, அலை போய் மீளும் தாளத்தைச் சில முறை பார்க்க வேண்டும். எல்லா இழைகளும் சாய்ந்து எழும்போது, ஒரு இழை மட்டும் அரைக் கணம் பிந்தி எழும். அல்லது நுனியில் ஆடாமல் நடுவில் ஆடும். அங்கே பார்வையை நிறுத்தினால் முதலில் தெரிவது தலையோ வாலோ அல்ல, கண். பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே சுழலும் அந்தக் கண்களில் ஒன்று மிதவைகளைத் தேடிக்கொண்டிருக்க, மற்றொன்று நம்மை நோக்கித் திரும்பியிருக்கும்.